அரைப்பேர் போடாத ஆண்டவர்: இளைப்பாறுதல் என்றால் என்ன?

எங்கள் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கூடை தூக்கிய காலத்தில், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நான் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். அம்மா வந்து, தலையிலிருந்து கயிற்றைக் கழற்றிக் கூடையை இறக்குவார். ஆனால் உட்கார மாட்டார். உச்சந்தலையில் மடித்து வைத்த துணி ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், இடுப்பில் கட்டிய படங்கிலிருந்து தண்ணீர் சொட்டும், விரல் நுனியெல்லாம் கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்திருக்கும், கண் மட்டும் தராசிலேயே இருக்கும். எத்தனை கிலோ, அதில் ஈரத்துக்கென்று எத்தனை கழிக்கிறார்கள், முழுப்பேரா அரைப்பேரா என்று எழுதி முடிக்கும்வரை மூச்சை இழுத்துப் பிடித்தபடியே நிற்பார். சுமை இறங்கிவிட்டது, ஆனால் இளைப்பு ஆறவில்லை.

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு நாள் வேலைக்குப் பதியப்படும் கணக்கைத்தான் நாங்கள் பேர் என்போம். சொன்ன கிலோ வந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, ஓடியது, மழையில் நனைந்தது, அட்டை கடித்தது எதுவும் அந்தக் கணக்கில் வராது.

பாவத்தோடு போராடிக் களைத்துப்போன பல கிறிஸ்தவர்கள் ஆண்டவர் முன்னால் இப்படித்தான் நிற்கிறார்கள். நானும் வெகுகாலம் அப்படி நின்றவன். இந்த வாரம் எத்தனை தடவை விழுந்தேன், எத்தனை இரவு ஜெபிக்காமல் தூங்கினேன், போன மாதத்தைவிட இந்த மாதம் தேவலையா மோசமா என்று தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்போம். மன்னிப்புக் கேட்டாயிற்று, பாரத்தை இறக்கியும் வைத்தாயிற்று, ஆனாலும் மூச்சு விட முடியாது. அந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். விசுவாசத்துக்குப் புதியவர்களுக்கும், இளைப்பாறுதல் என்ற சொல்லைப் பாட்டிலும் பிரசங்கத்திலும் எத்தனையோ தடவை கேட்டும் அது உண்மையில் என்னவென்று கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

போன நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, கொழும்பிலிருந்து லீவில் வந்திருந்த ஒரு தம்பி, கடையில் வேலை பார்க்கிறவன், எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, "அண்ணே, எனக்குக் களைச்சுப் போச்சு. இனி சண்டை போட ஏலாது. ஆண்டவருக்கும் என்னோட களைச்சுப் போயிருக்கும்" என்றான். அவனை விடாமல் பிடித்திருந்த பழக்கம் எதுவென்று இங்கே சொல்லத் தேவையில்லை. இதை வாசிக்கும் ஒவ்வொருவருக்கும் தன் பழக்கம் எதுவென்று தெரியும். என்னுடையது கோபம், நாக்கு. சொல்லிவிட்டுப் பிறகு இரவெல்லாம் வருந்துகிற வகை. அவனுக்கு அன்றைக்கு நான் சொன்ன பதில் அரைகுறையானது. அதற்குப் பிறகு யோசித்ததையும் வேதத்தில் மறுபடி வாசித்ததையும் சேர்த்து இப்போது எழுதுகிறேன்.

முதலில் சொல்லையே பார்ப்போம், ஏனென்றால் தமிழ் இதில் நமக்கு நல்ல உதவி செய்கிறது. இளைப்பு என்றால் ஏற்றம் ஏறி மூச்சு வாங்குவது, களைத்து மெலிவது. ஆறுதல் என்றால் சூடு தணிவது, காயம் மூடுவது, துக்கம் குறைவது. தேத்தண்ணி ஆறுகிறது என்கிறோம், புண் ஆறுகிறது என்கிறோம், மனம் ஆறவில்லை என்கிறோம். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் இளைப்பாறுதல். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: நாம் தேத்தண்ணியை முயற்சி செய்து ஆற வைப்பதில்லை, அதைச் சும்மா விட்டால் ஆறுகிறது. புண்ணையும் அப்படித்தான், துடைத்துக் கட்டலாம், ஆனால் சதை வளர்வது நம் கையில் இல்லை. எபிரேயத்தில் ஓய்வுநாளுக்குச் சொல்லும் 'சபாத்' என்பதன் வேர்ப்பொருள் நிறுத்துவது, விட்டுவிடுவது. யாத்திராகமம் 23:12இல் வேலைக்காரியின் பிள்ளையும் அந்நியனும் ஏழாம் நாளில் இளைப்பாறவேண்டும் என்று சொல்லும் இடத்தில் வரும் இன்னொரு சொல்லுக்கு மூச்சு வாங்கிக்கொள்வது என்று பொருள். தமிழில் இதை மொழிபெயர்த்தவர்கள் இளைப்பாறுதல் என்ற சொல்லைப் பிடித்தது எனக்கு எப்போதும் சந்தோஷம் தருகிற விஷயம்.

மத்தேயு 11:28 நம் எல்லோருக்கும் மனப்பாடம். "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள். நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்." கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் "பெருஞ்சுமை சுமந்து சோர்ந்திருப்பவர்களே" என்று வரும், இளைப்பாறுதல் என்ற சொல் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சுவரில் தொங்கும் கலண்டரில் எத்தனை தடவை பார்த்திருப்போம். ஆனால் நிதானமாக வாசித்தால் தெரியும், அதில் "உங்கள் பாரத்தைச் சரியாகச் சுமந்து முடித்தவர்களே" என்று இல்லை. "வென்றவர்களே" என்றும் இல்லை. சுமந்துகொண்டு இருக்கிறவர்களை, சுமந்தபடியே, வரச் சொல்கிறார். கிலோ கேட்கவில்லை. சம்பாதித்தால்தான் இளைப்பாறுதல் என்றால் 'தருவேன்' என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லையே.

இதுதான் இந்தக் கட்டுரையின் ஒரே விஷயம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பாவத்தை ஜெயித்து முடித்தவனுக்குக் கொடுக்கும் கூலி என்று இளைப்பாறுதலை நினைக்கிறோம். வேதம் அதைத் தலைகீழாக வைக்கிறது. இளைப்பாறுதல் முதலில் வருகிறது, போராட்டம் அதற்குள்ளிருந்து வருகிறது.

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் ஒவ்வொரு நாளும் எப்படி முடிகிறது? "சாயங்காலமும் விடியற்காலமுமாகி." சாயங்காலம் முதலில். யூதர்களுக்கு இன்றுவரை நாள் தொடங்குவது சூரியன் மறையும்போதுதான். அதாவது நாளின் முதல் வேலை தூங்குவது. மனிதன் ஆறாம் நாளில் உண்டாக்கப்படுகிறான், அப்படியென்றால் அவன் பார்த்த முதல் முழு நாள் ஓய்வுநாள். ஒரு மண்வெட்டிகூடப் பிடிக்காமல், ஒரு செடிகூட நடாமல், தேவன் செய்து முடித்ததைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் அவனுடைய முதல் நாள். இஸ்ரவேலரின் கதையும் இதே வரிசைதான். சீனாய் மலையில் பத்துக் கட்டளை கொடுத்து, அதைக் கைக்கொண்டவர்களை எகிப்திலிருந்து விடுவிக்கவில்லை. விடுவித்துக் கொண்டுவந்த பிறகுதான் கட்டளை.

எகிப்து என்றதும் மலையகத்தில் வளர்ந்தவர்கள் யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தை ஒரு தடவை உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. பார்வோன் வைக்கோலை நிறுத்திவிடுகிறான், ஆனால் செங்கல் கணக்கைக் குறைக்கவில்லை. ஆளோட்டிகள் வந்து நேற்றைய கணக்கு ஏன் வரவில்லை என்று அடிக்கிறார்கள். மழை இல்லாமல் கொழுந்து இல்லாத மாசி மாதத்தில் கிலோ கேட்ட கதையைச் சின்ன வயதில் கேட்டு வளர்ந்த எனக்கு அதை வாசிக்க வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அந்த ஜனத்துக்குத்தான் தேவன் ஓய்வுநாளைக் கொடுத்தார். யாத்திராகமம் 20இல் அதற்குக் காரணம் சிருஷ்டிப்பு. உபாகமம் 5இல் காரணம் வேறு: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், உன்னை வெளியே கொண்டுவந்தேன், அதனால் ஓய்ந்திரு. அதிலும் "உன்னைப்போல" உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாறவேண்டும் என்று இருக்கிறது. நிறுத்த முடியாதவன்தான் அடிமை. நிறுத்து என்று சொல்லப்பட்டவன் பிள்ளை. வாரத்தில் ஒரு நாள் கணக்கு எழுதப்படாமல் சாப்பாடு கிடைக்கிற வீட்டுக்கு அவர்கள் வந்துவிட்டார்கள்.

பாவத்தோடு இதற்கு என்ன சம்பந்தம்? பாவமும் பார்வோன் மாதிரிதான், "இன்னும் ஒரு தடவை" என்று வேலை வாங்கும். ஆனால் மனச்சாட்சியும் பார்வோன் மாதிரி நடந்துகொள்ளும் என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. வைக்கோல் தராமல் செங்கல் கேட்கும். பலம் தராமல் பரிசுத்தம் கேட்கும். "நீ ஒழுங்காக இருந்தால்தான் ஜெபிக்கலாம்" என்று சொல்லி, ஒழுங்காக இருக்கப் பலம் கிடைக்கும் ஒரே இடத்திலிருந்து நம்மைத் தள்ளி வைக்கும். அந்தத் தம்பி சபைக்கு வரவில்லை என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இரண்டு வகைக் களைப்பு

போராடுகிறவனுக்கு வரும் களைப்பு ஒன்று. மறைக்கிறவனுக்கு வரும் களைப்பு இன்னொன்று. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மருந்து வேறு.

பவுல் அப்போஸ்தலன் ரோமர் ஏழாம் அதிகாரத்தில் முதல் வகையைச் சொல்கிறார். விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று தவித்து, "நிர்ப்பந்தமான மனுஷன் நான்!" என்று கத்துகிறார். அவர் எழுதுவது விசுவாசத்துக்கு முன்பிருந்த நிலையா பின்பிருந்த நிலையா என்று வேத அறிஞர்கள் நூற்றாண்டுகளாக வாதாடுகிறார்கள், அதில் நான் தலையிடவில்லை. அந்தக் கூக்குரலுக்கு அடுத்த பக்கத்தில் எட்டாம் அதிகாரம் எப்படித் தொடங்குகிறது என்பது போதும்: கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை. அந்த வசனத்துக்கும் முந்திய அதிகாரத்தின் அழுகைக்கும் நடுவில் பவுல் எந்தப் பாவத்தையும் ஜெயித்துவிட்டதாக ஒரு வரிகூட இல்லை. தீர்ப்பு முதலிலேயே சொல்லப்பட்டுவிட்டது. மடுவத்துக் கணக்குப் புத்தகம் மூடப்பட்டுவிட்டது. இனி நடக்கிற போராட்டம் சம்பளத்துக்காக நடப்பது இல்லை.

இரண்டாவது வகை சங்கீதம் 32இல் இருக்கிறது. தாவீது பாவத்தை அடக்கி வைத்த காலத்தைப் பற்றி, "என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று" என்கிறார், உஷ்ணகால வறட்சிபோல சாரம் வறண்டுபோனதாகவும் சொல்கிறார். பாவத்தோடு சண்டை போட்டதால் அவர் களைக்கவில்லை. அதை மூடி வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல நடமாடியதில் களைத்தார். இது உடம்பையே தின்னும். ஒரு பொய்யைக் காப்பாற்ற அடுத்த பொய், போனைக் கவிழ்த்து வைப்பது, மனைவி கேட்டால் எரிந்து விழுவது, ஆராதனையில் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடுவது. நான் போராடிக் களைத்துவிட்டேன் என்று சொல்லும் பலர் உண்மையில் மறைத்துத்தான் களைத்திருக்கிறார்கள் என்பது என் அனுபவம், முதலில் என்னைப் பற்றியே. அதற்குத் தூக்கம் மருந்தில்லை. "என் அக்கிரமத்தை மறைக்காமல்" சொல்லிவிடுவதுதான் மருந்து என்று அதே சங்கீதம் சொல்கிறது.

ஆண்டவரிடம் சொல்வது சரி, மனுஷரிடம் சொல்ல வேண்டுமா? யாக்கோபு 5:16 சொஸ்தமடையும்படிக்கு ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. கத்தோலிக்கர்களுக்கு இதற்கென்றே ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது, கேட்ட குருவானவர் அதை வெளியே சொல்ல முடியாது. அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளில் நற்கருணைக்கு முன் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கை இருக்கிறது. மற்றச் சபைகளில் ஒரு மூத்த விசுவாசியிடமோ போதகரிடமோ தனியாகப் பேசுவது வழக்கம். ஆனால் ஒன்று: லயத்துச் சுவர் மெல்லியது. இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டில் கேட்கும். நாம் சொன்னது மறுநாள் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் வாயில் வந்துவிட்டால் அதற்குப் பிறகு யாருக்கும் யாரிடமும் சொல்லத் தைரியம் வராது. அதனால் ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள். மற்றவர்களின் கதையை உங்களிடம் சொல்லாத ஒருவர், அவர்தான் ஆள்.

சபையில் சாட்சி சொல்லும்போது "ஒரே இரவில் விடுதலை கிடைத்தது" என்ற கதைகளையே தொடர்ந்து மேடையேற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படி விடுதலை பெற்றவர்கள் உண்டு, நானும் பார்த்திருக்கிறேன், அதற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனால் கீழே உட்கார்ந்திருக்கும் நூறு பேரில் பத்து வருஷமாகப் போராடுகிறவன் ஒருவன் இருப்பான். அவனுக்கும் ஒரு நாள் மைக் கொடுக்க வேண்டும், இன்னும் ஜெயிக்காதவனாகவே.

கரிநெருப்பு

இளைப்பாறுதல் எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு படம் காட்டச் சொன்னால் நான் யோவான் 21ஐக் காட்டுவேன்.

அதற்கு முன் 18ஆம் அதிகாரம். குளிர்காலம். பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் ஊழியக்காரர்கள் கரிநெருப்பு உண்டாக்கிக் குளிர்காய்கிறார்கள். பேதுருவும் அவர்களோடு நின்று குளிர்காய்கிறான். தை மாதத்து நுவரெலியாக் குளிரில் அடுப்படியில் நின்று கை நீட்டியவர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும், முகம் சூடாக இருக்கும், முதுகு குளிரும். அந்த நெருப்பு வெளிச்சத்தில்தான் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தடவை சொல்கிறான். சேவல் கூவுகிறது. வெளியே போய் மனங்கசந்து அழுகிறான் என்று மத்தேயுவும் லூக்காவும் சொல்கிறார்கள்.

பிறகு ஆண்டவர் உயிர்த்தெழுகிறார். பேதுரு மீன் பிடிக்கப் போகிறான், இரவெல்லாம் ஒன்றும் கிடைக்கவில்லை. விடியற்காலையில் கரையில் ஒருவர் நிற்கிறார். அவர் சொன்ன பக்கத்தில் வலை போட, 153 பெரிய மீன்கள். கரையேறிப் பார்த்தால் அங்கே கரிநெருப்பு போட்டிருக்கிறது, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். கரிநெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடத்தில்தான் வருகிறது, மறுதலித்த இரவிலும் இந்தக் காலையிலும். அந்தப் புகை மணம் பேதுருவின் மூக்கில் ஏறியபோது அவனுக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். வெட்கப்பட்ட அதே இடத்துக்கு அவனைத் திரும்பக் கூட்டிவருகிறார். ஆனால் அங்கே அவர் கூப்பிடுவது சாப்பிடத்தான்: "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்."

சாப்பிட்ட பிறகுதான் கேள்வி வருகிறது. வேதம் அதைக் குறித்தே சொல்கிறது, அவர்கள் போஜனம்பண்ணின பின்பு என்று. இரவெல்லாம் நனைந்து, வெறும் வலையோடு வந்தவனிடம் வெறும் வயிற்றில் விசாரணை இல்லை. அதே சமயம் கேள்வியை அவர் விட்டுவிடவும் இல்லை. மூன்று தடவை மறுதலித்தவனிடம் மூன்று தடவை "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்கிறார், மூன்றாவது தடவை பேதுரு துக்கப்படுகிறான். வலிக்கிறது, புண்ணைத் துடைத்தால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் ஒரு வேலை கொடுக்கிறார், ஆடுகளை மேய்க்கச் சொல்கிறார். இனி நீ அரைப்பேர் ஆள் என்று சொல்லவில்லை.

யூதாசும் துக்கப்பட்டவன்தான். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று ஒத்துக்கொண்டு காசையும் திருப்பி எறிந்தவன். அவன் துக்கத்தோடு தனியாகப் போனான், பேதுருவோ துக்கத்தோடு மற்றச் சீஷர்கள் இருந்த படகில் ஏறினான். 2 கொரிந்தியர் 7:10 தேவனுக்கேற்ற துக்கம், லௌகிக துக்கம் என்று இரண்டைப் பிரிக்கிறது. எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று புதியவர்கள் கேட்பார்கள். என் கணக்கு எளிது. ஆண்டவரிடம் போகத் தூண்டுகிற துக்கம் ஒன்று, அவர் முகத்திலிருந்து ஒளிந்துகொள்ளத் தூண்டுகிற துக்கம் இன்னொன்று.

அப்படியானால் சும்மா இருந்துவிடலாமா?

பவுலிடமும் இதைக் கேட்டார்கள். கிருபை பெருகும்படி பாவத்திலே நிலைநிற்கலாமா என்று ரோமர் ஆறாம் அதிகாரத்தில் அவரே கேட்டு, "கூடாதே" என்கிறார். எபிரெயர் நான்காம் அதிகாரம் தேவனுடைய ஜனத்துக்கு இளைப்பாறுதல் இன்னும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதில் பிரவேசிக்க ஜாக்கிரதையாயிருக்கக்கடவோம் என்கிறது. ஓய்வெடுக்க ஜாக்கிரதையா என்று முதல் தடவை வாசித்தபோது எனக்குக் குழப்பமாக இருந்தது. கவ்வாத்தை, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிப்பதை, வைத்து யோசித்தபோதுதான் புரிந்தது.

தேயிலைச் செடியை மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை கவ்வாத்து வெட்டுவார்கள், உயரமான மலைகளில் இடைவெளி கூடுதல். வெட்டுவதற்கு முன்னாலேயே சில வாரங்கள் கொழுந்து எடுப்பதை நிறுத்திச் செடியை ஓய விடுவது உண்டு, இலை செய்யும் சத்து வேரில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. வேரில் மாச்சத்து இருக்கிறதா என்று பார்க்க, வேர்த்துண்டை வெட்டி அயடின் தடவுவார்கள், இருந்தால் கருநீலமாக மாறும். வேர் காலியாக இருக்கும்போது வெட்டினால் செடி செத்தும் போகலாம். வெட்டிய பிறகு தண்டில் படிந்த பாசியைச் சுரண்டுவார்கள். ஒன்றிரண்டு இலைக் கிளைகளை, செடி மூச்சு விடுவதற்கு என்பதுபோல, வெட்டாமல் விடுகிற முறையும் இருக்கிறது. அதன் பிறகு மாதக்கணக்கில் அந்த மலையில் யாரும் கூடையோடு இறங்க மாட்டார்கள். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் ரயில் ஜன்னலில் பார்த்துவிட்டு, "ஐயோ, இந்த மலை எரிஞ்சு போச்சா?" என்று கேட்பார்கள். குச்சி குச்சியாக நிற்கும். ஆனால் சும்மா நிற்கவில்லை.

பாவத்தை வெட்டுவது கத்தி வேலைதான், வேதம் அதை எங்கும் மென்மையாகச் சொல்லவில்லை. வலது கண் இடறல் உண்டாக்கினால் பிடுங்கி எறி என்றவர் ஆண்டவரே. ஆனால் வேரில் ஒன்றும் இல்லாதவன் கத்தியை மட்டும் எடுத்தால் என்ன நடக்கும் என்பதை நான் என் வாழ்க்கையில் பார்த்தேன். கோபத்தை அடக்குகிறேன் என்று வாயை இறுக்கிக்கொண்டு நாற்பது நாள் இருந்தேன், நாற்பத்தோராவது நாள் பிள்ளை தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிட்டதற்கு வீடே அதிரும்படி கத்தினேன். அதற்குப் பிறகு கோபத்தோடு சண்டை போடுவதைக் குறைத்து, காலையில் எல்லோரும் எழும்புவதற்கு முன் அடுப்படியில் அரைமணி நேரம் ஒரு சங்கீதத்தோடு உட்கார ஆரம்பித்தேன். எனக்காக ஒன்றும் கேட்காமல், நேற்று எப்படி நடந்தேன் என்று கணக்குப் பார்க்காமல். கோபம் போய்விட்டதா? இல்லை. ஆனால் இப்போது அது வரும்போது எனக்கும் அதற்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருக்கிறது, அந்த இடத்தில் நின்று மூச்சு விட முடிகிறது. இரண்டு தடவை பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், முன்பு அது என் வாயில் வராது. உள்ளான மனுஷன் "நாளுக்குநாள் புதிதாக்கப்படுகிறது" என்று 2 கொரிந்தியர் 4:16இல் வரும். நாளுக்குநாள் என்பதை முன்பெல்லாம் நான் கவனித்ததே இல்லை.

மத்தேயு 11இல் அடுத்த வசனத்தில் நுகம் வருவதும் இதனால்தான். நுகத்தடி இரண்டு மாட்டின் கழுத்தில் பூட்டுவது. பாரஞ்சுமக்கிறவனைக் கூப்பிட்டு இன்னொரு நுகத்தை வைக்கிறாரே என்று தோன்றலாம், ஆனால் "என் நுகம்" என்கிறார். தனியாக இழுக்கிறவனுக்குத்தான் அவ்வளவு களைப்பு.

இனி நடைமுறைக்கு. விழுந்த அன்றைக்கே ஆண்டவரிடம் சொல்லிவிடுங்கள், பாவத்தைப் பெயர் சொல்லி, சுருக்கமாக. நமக்கு நாமே மூன்று நாள் தண்டனை கொடுத்துவிட்டுப் பிறகு போவது, அவர் சிலுவையில் செய்ததோடு நம்முடையதையும் கொஞ்சம் சேர்ப்பது போன்றது. அறிக்கையிட்டால் மன்னிக்கிறதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவர் என்று 1 யோவான் 1:9 சொல்கிறது, நம் அழுகையின் அளவைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. உபவாசமும் அப்படித்தான், ஆண்டவருக்கு இடம் ஒதுக்க இருந்தால் நல்லது, உடம்பைப் பழிவாங்க இருந்தால் வேண்டாம். யாருக்காவது நஷ்டம் செய்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுங்கள், சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான், ஆனால் இயேசு அவன் வீட்டுக்குத் தங்க வந்த பிறகுதான்.

குடிப்பழக்கத்தோடு போராடுகிறவர்கள் ஜெபத்தோடு வைத்தியரையும் பாருங்கள். கனகாலம் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்புவரை போகலாம், அது விசுவாசக் குறைவு இல்லை, உடம்பின் இயல்பு. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் உடனே ஒருவரிடம் சொல்லுங்கள், இலங்கையில் எங்கிருந்தும் 1926க்கு எடுத்து மனநல உதவி கேட்கலாம்.

ஞாயிறு பற்றிச் சொல்ல எனக்கு வருத்தம்தான். கடையில், ஹோட்டலில், மற்றவர்கள் வீட்டில் வேலை செய்கிற நம் பிள்ளைகளுக்கு ஞாயிறே கிடைப்பதில்லை. அவர்களிடம் போய் ஓய்வுநாளை ஆசரி என்று சொல்வது வைக்கோல் இல்லாமல் செங்கல் கேட்பது. கிடைக்கிற நாள் செவ்வாய்க்கிழமை என்றால் செவ்வாய், அரைநாள் என்றால் அரைநாள். அதில் போனைத் தள்ளி வைத்து, வயிறார உண்டு, கொஞ்சம் நடந்து, ஒரு சங்கீதம் வாசித்து, தூங்குங்கள். ஹப்புத்தளைப் பக்கம் இருப்பவர்களுக்கு அடிஷம் பங்களா தெரியும், 1931இல் ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டியது, இன்றைக்கு பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். அங்கே மரங்களுக்கு நடுவில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாலே போதும். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குத் தோட்டத்துக் கோயில் படி இருக்கிறது.

தூக்கத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றபோது தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் வைத்து எழுப்பினான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பிட வைத்தான், பிரயாணம் வெகுதூரம் என்று சொல்லி. ஓரேப் மலை, மெல்லிய சத்தம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நத்தார் லீவில் வந்த அந்தத் தம்பிக்கு நான் ஏதேதோ வசனம் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து அம்மா வந்து, "அவன் சாப்பிட்டானா, அதைக் கேட்டியா?" என்று என்னைக் கேட்டார். காலையிலிருந்து சாப்பிடவில்லை. அம்மா சுடச்சுட ரொட்டி தட்டி, கட்டச் சம்பலோடு நாலைந்து போட்டார். அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான், பாதியில் கண் கலங்கி, தான் செய்ததை எல்லாம் எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு ரொட்டி எடுத்து வைத்தார். பிறகு வாசல் வாங்கிலேயே சாய்ந்து தூங்கிவிட்டான். அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எழுப்பப் போன என்னை அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டு, உள்ளே போய் ஒரு கம்பளி எடுத்து வந்தார்.